VAMA 7 தகட்டோடு ஒன்றரை மீற்றர்

பெயர் சவரிமுத்து அம்புறோஸ். வயது, பத்திரத்தில் உள்ளபடி, ஐம்பத்தாறு. பத்திரத்தில் இல்லாத வேறு வயது ஏதும் உண்டா என்று அலுவலர் கேட்டார், இல்லை என்றேன். முகவரி லா கூர்னெவ், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பெரிய கட்டடம், ஏழாம் மாடி, இடக்கைப் பக்கக் கதவு. தொழில் மரக்கறி விநியோகம். கிழமையில் ஆறு நாள் வான் ஓட்டி, முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பொத்தி ஆகியவற்றை லா சப்பல் கடைகளுக்கு இறக்குகிறேன். மனைவி மரியநாயகி. பிள்ளைகள் இருவர், நான் தமிழில் கேட்பதற்கு இருவரும் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். சமயம் என்ன என்று அலுவலர் கேட்கவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் நானாகவே சொல்லிவைக்கிறேன், கத்தோலிக்கம்.

எனக்குப் பிரெஞ்சு பேச வரும். ஆனால் பெட்டி இறக்குகிற பிரெஞ்சு வேறு, பொலிசில் இருந்து கதை சொல்கிற பிரெஞ்சு வேறு என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். திருமதி ஜிஸ்லேன் வந்தார். புதுச்சேரிக்காரர், தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர் என்னிடம், “சார், நடந்ததை மட்டும் சொல்லுங்க, நீங்க நெனச்சதையெல்லாம் நான் டைப் அடிக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். முயற்சி செய்வதாக வாக்களித்தேன்.

என்னை இங்கே ஒருவரும் அழைக்கவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அழைக்கப்பட்டிருப்பவர் என் நண்பர் வாமதேவன். அவர் வந்து சொல்லப்போவது பொய். அந்தப் பொய் பதிவாகுமுன் உண்மை பதிவாக வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள் முந்தி, வானைக் கடையிலேயே விட்டு, முதலாளியிடம் தொலைபேசியில் பல்லுக்கொதி என்று சொல்லிவிட்டு வந்தேன். பல்லுக்கொதி பொய் என்பதையும் இதிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வாமதேவனை இருபத்தேழு வருடமாகத் தெரியும். லெ பிளாங்-மெனிலில் மனைவி கோசலையோடும் மகள் நிரோஜினியோடும் இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர். போன மாசி மாதம், விமான நிலையத்துப் பக்கம் உள்ள ஒரு பெரிய சமையற்கூடத்தில் அவருக்குச் சமையற்காரர் வேலை சரிவந்தது. வருகிற முதலாம் திகதி தொடங்க வேண்டும். விடிய ஐந்து மணிக்கு வேலை. அவருடைய வீட்டிலிருந்து அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் விடுகிற ரயிலும் இல்லை, பஸ்சும் இல்லை. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் கோப்பை.

அவர் சாரதிப் பத்திரம் எடுத்த வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்துச் சோதனையில் நாற்பது கேள்விக்கும் நாற்பது சரி, அதுவும் முதல் தரமே. ஓட்டச் சோதனையில் ஆறு தரம் தோற்றார். காரணம் அவர் சட்டத்தை அறியாதது அல்ல, அளவுக்கு மீறி அறிந்தது. பச்சை விளக்கிலும் வேகத்தைக் குறைப்பார், மஞ்சள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று. நடைபாதையில் நிற்கிற கிழவி கடக்கப்போகிறாரா, பஸ்சுக்கு நிற்கிறாரா என்று கிழவி முடிவெடுக்கும் வரை காத்திருப்பார். நாலாம் தரம் சோதித்த அதிகாரி, “ஐயா, நீங்கள் ஆபத்தானவர் அல்ல, நீங்கள் ஒரு தடை” என்று சொன்னதாக வாமதேவன் தன் வாயாலேயே எனக்குச் சொன்னார். ஒன்பது வருடத்தில் ஏழாம் தரம் சித்தியடைந்தார். அன்று இரவு கோசலை ஆட்டிறைச்சி சமைத்தா, நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பாட்டு விபரம் வேண்டாம் என்று திருமதி ஜிஸ்லேன் சொன்னதால் இத்தோடு விடுகிறேன்.

அதன் பிறகு அவர் பத்து வயதான சாம்பல் நிறக் கிளியோ கார் ஒன்று வாங்கினார். அதற்கு நான் என்ன பரிசு கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. வழக்குக்குக் காரணமான முட்டாள்தனம் இங்கேதான் தொடங்குகிறது, அது முழுக்க என்னுடையது.

கோசலைக்கு லண்டனில் சுரேன் என்று ஒரு தம்பி. அவனுடைய காரின் இலக்கத்தகட்டில் அவன் பெயரே எழுத்தும் இலக்கமுமாக இருக்கிறது. அந்த நாட்டில் அதை அரசாங்கமே விற்கிறது, யாரும் வாங்கலாம். போன ஆடியில் அவனுடைய மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பாரிசிலிருந்து நாங்கள் ஒரு பஸ் சனம் போனோம். மண்டப வாசலில் பிள்ளையைப் படம் எடுத்தவர்களைவிடத் தகட்டைப் படம் எடுத்தவர்கள் அதிகம். திரும்பி வரும்போது பஸ்சில் கோசலை கலே துறைமுகத்திலிருந்து சென் தெனி வரைக்கும் அதே கதைதான்: “என்ர தம்பியின்ர காரில அவன்ர பேர் ஓடுது. எங்கட ஆளின்ர பேர் மின்சார பில்லில மட்டுந்தான் வருது.” வாமதேவன் கண்ணை மூடி நித்திரை போல் இருந்தார். நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும், நித்திரையில் அவர் குறட்டை விடுவார்.

ஆகவே, கார் வந்ததும் பெயர்த்தகடு கொடுப்பது என்று முடிவெடுத்தேன். சென் தெனியில், பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டி, சப்பாத்துத் தைத்து, இலக்கத்தகடும் அடிக்கிற கடை ஒன்றுக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. கடைக்காரப் பெண் முதலில் காரின் பதிவுப் பத்திரத்தைக் கேட்டா. இல்லை, இது பரிசு, பெயர் போட்டுத் தாருங்கள் என்றேன். பெயர் போட்டால் அது சுவரில் மாட்டுவதற்கு மட்டும், றோட்டில் ஓடுகிற வாகனத்தில் பூட்டினால் பெரிய குற்றம் என்று தெளிவாகச் சொல்லி, அப்படியே எழுதிய தாள் ஒன்றிலும் கையெழுத்து வாங்கினா. நான் கையெழுத்து வைத்தேன். விளங்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். எனக்கு நன்றாக விளங்கியது.

தகட்டில் VAMA 7 என்று அடிப்பித்தேன். ஏழு, ஏழாம் தரம் சித்தியடைந்ததற்காக. வலது ஓரத்தில் மாவட்ட இலக்கம் இருக்க வேண்டிய நீலப் பட்டையில் பிள்ளையார் படம் போடச் சொன்னேன். கடைக்காரப் பெண் பிள்ளையார் யார் என்று கேட்டா. வாகன விஷயத்தில் பொறுப்பான ஆள் என்றேன். ஒரு தகடுதான் அடிப்பித்தேன், முன்னுக்கு மட்டும். படம் எப்போதும் முன்னாலிருந்துதானே எடுப்பார்கள்.

இந்த இடத்தில் அலுவலர், குற்றம் என்று தெரிந்தும் ஏன் காரில் பூட்டினீர்கள் என்று கேட்டார். அதற்கு என் பதில் வருமாறு. எங்களுடைய ஆட்கள் புதிதாக வாகனம் வாங்கினால், அதை ஓடுமுன் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை செய்விப்பார்கள். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து, அர்ச்சனை முடிய வாகனத்தை முன்னால் எடுத்து அந்தத் தேசிக்காய்களை நசிப்பார்கள். (தேசிக்காய் என்பது எலுமிச்சம்பழம் என்று திருமதி ஜிஸ்லேன் அலுவலருக்கு விளங்கப்படுத்தினார்.) அந்த அரை மணித்தியாலம் அந்த வாகனம் றோட்டில் நின்றாலும் றோட்டு வாகனம் இல்லை, சாமியினுடையது என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஆவணியிலும் இதே தெருக்களில் தேர் ஓடுகிறது, முன்னால் பொலிஸ்காரர்களே வழி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். தேருக்கு முன்னாலும் தகடு இல்லை, பின்னாலும் தகடு இல்லை. ஒருவரும் கேட்டதில்லை. இந்த நியாயம் நீதிமன்றத்தில் எடுபடாது என்று அலுவலர் சொன்னார். எடுபடாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு லா சப்பலில் கோயில் இருக்கிற தெருவில் வாமதேவனின் கார் வந்து நின்றது. அவர் ஓட்டி வரவில்லை, விற்றவரே கொண்டுவந்து கொடுத்தார். பூசை முடியாமல் தான் ஓட்டப்போவதில்லை என்று வாமதேவன் சொல்லியிருந்தார். அதன் பிறகு அவரும் கோசலையும் அர்ச்சனைச் சீட்டு எடுக்க உள்ளே போனார்கள். அந்த நேரம் பார்த்து நான் என் வானிலிருந்த இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவை எடுத்து, உண்மையான முன்தகட்டுக்கு மேலே VAMA 7 தகட்டை ஒட்டினேன். அந்த நாடா என் வானின் உடைந்த பம்பரை இரண்டு வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு பலமானது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வாமதேவன் வெளியே வந்து அதைப் பார்த்தார். கிட்டப் போய்க் குந்தி இருந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். அச்சு எழுத்து, மேலெழும்பி இருக்கும். பிறகு, “ஏழாம் நம்பரை ஏன்ராப்பா போட்டனீ?” என்றார்.

“ஏழாம் தரம் பாஸ் பண்ணினதெண்டு ஊருக்குத் தெரியட்டும்.”

“ஊருக்கு ஏற்கனவே தெரியும். நீதானே எல்லாருக்கும் சொன்னனீ.”

இது உண்மை. நான்தான் சொன்னேன். எதிர்ப்பக்கப் புடைவைக் கடை யோகராணிக்கு மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

அதன் பிறகு அவருடைய முகம் மாறியது. எழும்பி நின்று, “மச்சான், இதைக் கழட்டு. இதோட நான் கார் எடுக்க மாட்டன். இது வலு பிழை. சோதனைப் புத்தகத்தில படம் போட்டே கிடக்கு” என்றார். தேசிக்காயை நசிக்க ஒன்றரை மீற்றர்தானே என்றேன். “ஒரு சென்ரிமீற்றர் எண்டாலும் ஓட்டம் ஓட்டந்தான்” என்றார். அவர் இப்படிச் சொன்னதற்குக் கோசலை, கோயில் ஐயர், யோகராணி மூவரும் சாட்சி. வாமதேவன் அந்தத் தகட்டோடு காரை ஓட்ட மறுத்தார் என்பதை அலுவலர் தனி வரியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

வாமதேவன் அந்தத் தகட்டோடு காரை ஓட்ட மறுத்தார்.

அதன் பிறகு நானும் அவரும் தகட்டைக் கழற்றப் பார்த்தோம். நாடா விடவில்லை. கோசலை கோயிலுக்குள் போய் மடைப்பள்ளிக் கத்தி வாங்கி வந்தா, கத்தி வளைந்தது. மாலை கட்டுகிறவர் சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினோம், பிள்ளையாருக்கு அபிஷேகம் ஆனதே தவிர வேறு பலன் இல்லை. இதற்குள் மணி பத்தே கால் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அது தொடங்கினால் பன்னிரண்டு மணி வரைக்கும் நல்ல காரியம் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று திருமதி ஜிஸ்லேன், நான் கேட்காமலே, அலுவலருக்குச் சொன்னார்.

ஐயர் கற்பூரத் தட்டோடு நின்று, “பத்து இருபத்தேழு. தேசிக்காயில காரை ஏத்திறதெண்டா இப்ப ஏத்துங்கோ, இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. எனக்கு உள்ளை வேற அர்ச்சனை கிடக்கு” என்றார்.

கோசலைக்குக் கண் கலங்கிவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை என்னெண்டு? சுரேனுக்குப் பத்தரைக்குப் படம் வரும் எண்டு சொல்லிப்போட்டன்” என்றா. வாமதேவனைப் பார்த்து, “ஒருக்கா ஏத்துங்கோவன், ஆர் பாக்கினம்?” என்றா. வாமதேவன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். சம்மதம் என்று அல்ல, மாட்டேன் என்று.

அப்போது சாரதி ஆசனத்தில் ஏறியது நான். திறப்பு காரிலேயே இருந்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கோசலை மட்டும், “அம்புறோஸ் அண்ணை, நீங்கள் வேதக்காரர், நீங்கள் நசிச்சாப் பலிக்குமோ?” என்று கேட்டா. ஐயர், “தேசிக்காய்க்கு வேதமும் தெரியாது சைவமும் தெரியாது, எடுங்கோ” என்றார். நான் முதலாவது கியரில் போட்டு, கிளச்சை விட்டு, ஒன்றரை மீற்றர் முன்னால் எடுத்தேன். நாலு தேசிக்காயும் நசிந்தன. பத்து இருபத்தொன்பது. சனம் கை தட்டியது. காரை நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, இறங்கினேன். தேங்காயை வாமதேவன் அடித்தார். நடுவில் சரிபாதியாகப் பிளந்தது, அதைக் கோசலை படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினா.

ஐயர் ஓட்டச் சொல்லித் தூண்டினாரா என்று அலுவலர் கேட்டார். ஐயர் நேரம் சொன்னார், அவ்வளவுதான். மணிக்கூட்டையும் சேர்த்துக் குற்றவாளியாக்குவதென்றால் ஐயரையும் சேருங்கள் என்றேன். இதைத் திருமதி ஜிஸ்லேன் வேறு விதமாக மொழிபெயர்த்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அலுவலர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு, மூலையில் என் வான் இரண்டாம் வரிசையில் நின்று பின்னால் ஒரு பஸ் அலறிக்கொண்டிருந்ததால், நான் ஓடிப்போய் வானை எடுத்து, அடுத்த தெருவில் பதினொரு பெட்டி முருங்கைக்காய் இறக்கினேன். சுமார் இருபது நிமிடம் அங்கே இல்லை. திரும்பி வரும்போது சைக்கிளில் வந்த இரண்டு பொலிஸ்காரர் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். முன்னால் VAMA 7, பின்னால் வேறு இலக்கம் என்பதைக் கண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவர் சிறிய கத்தியால் தகட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார், எங்களால் முடியாததை அவர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். வாமதேவன் கையில், செவ்வாய்க்கிழமை வரச்சொல்லிப் பொலிஸ்காரர் கொடுத்த தாள் இருந்தது. மாலை இன்னும் காரில் கிடந்தது.

நான் கிட்டப் போக, வாமதேவன் பொலிசுக்கு விளங்காதபடி தமிழில், “நீ பேசாமல் போ. ஓட்டினதும் நான், ஒட்டினதும் நான் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார்.

“விசரே உனக்கு? ஏன்ராப்பா அப்பிடிச் சொன்னனீ?”

“உன்ர சோறு உன்ர சாரதிப் பத்திரத்தில கிடக்கு. வான் இல்லாட்டி நீ என்ன செய்வாய், முருங்கைக்காயைத் தலையில வைச்சு மெத்ரோவில கொண்டுபோவியே? எனக்கெண்டாப் பரவாயில்லை, எனக்கு ரயில் கிடக்கு.”

அவருக்கு ரயில் கிடையாது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

நான் அந்த இடத்திலேயே பொலிஸ்காரரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அலுவலர் கேட்டார். பயந்தேன் என்பது பதில். வேறு அழகான காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. வானில் ஏறி மிச்சப் பெட்டிகளை இறக்கப் போனேன். அன்று இரண்டு கடைக்குக் கறிவேப்பிலையை மாற்றி இறக்கினேன்.

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானம் நிரோஜினி எனக்குத் தொலைபேசி எடுத்தா. அவ ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறா, வாகன வழக்குத் தாள்கள் அவவுடைய மேசைக்குத்தான் வரும். வழக்கமாக என்னோடு பிரெஞ்சில் பேசுகிற பிள்ளை அன்று தமிழில் பேசியது.

“மாமா, அப்பான்ர தாளை வாசிச்சன். இதுக்குச் சாரதிப் பத்திரத்தில இருக்கிற புள்ளியில ஆறு போகும்.”

“பன்னிரண்டில ஆறு போனா மிச்சம் ஆறு கிடக்குமே, பிள்ளை.”

“பழைய ஆக்களுக்குத்தான் பன்னிரண்டு. புதுசா எடுத்தவைக்கு முதல் வருசம் ஆறுதான். அப்பாட்டை இருக்கிறதே ஆறு. ஆறும் போனாப் பத்திரம் செல்லாது. திரும்ப முதலாவதிலயிருந்து எடுக்கோணும்.”

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அவர் நாப்பதுக்கு நாப்பது எடுத்தவர், மாமா. அவருக்குத் தெரியாமல் இருக்குமோ?” என்றா. பிறகு, “உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, சும்மாதான் எடுத்தனான்” என்று வைத்துவிட்டா.

சனிக்கிழமை இரவு மரியநாயகிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவ சோற்றைப் போட்டுக்கொண்டே, “திங்கக்கிழமை போறீங்களோ, இல்லாட்டி நான் போய்ச் சொல்லட்டோ?” என்று கேட்டா.

என்னிடம் இருக்கிற புள்ளிகள் பத்து என்பதை இங்கே பதிவு செய்கிறேன். போன இரண்டும் போர்த் து லா சப்பலில் தொலைபேசி பேசியதற்காக அல்ல, அது வேறு, அது பிடிபடவில்லை. (இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று திருமதி ஜிஸ்லேன் இரகசியமாகக் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.) பத்தில் ஆறு போனால் நாலு மிஞ்சும். எங்கள் தொழிலில் நாலோடு ஓடுகிறவர்கள் பலர், ஒன்றோடு ஓடுகிற ஒருவரையும் தெரியும். நாலு எனக்குப் போதும். முதலாளிக்கு நானே சொல்லிக்கொள்வேன், பல்லுக்கொதியையும் சேர்த்து.

நான் ஓட்டினேன் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று அலுவலர் கேட்டார். உண்டு. புடைவைக் கடை யோகராணி தெருவில் நடக்கிற எல்லாவற்றையும் படம் பிடிப்பவர்; அவருடைய வீடியோ வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நோர்வே வரைக்கும் போய்விட்டது. அதை என் தொலைபேசியில் அலுவலருக்குக் காட்டினேன். அவர் மூன்று தரம் பார்த்தார். முதலில் சில்லும் தேசிக்காயும் மட்டும் தெரிகின்றன. பதினோராவது வினாடியில் சாரதி ஆசனத்து ஜன்னலால் என் தலை வெளியே வந்து, “ஐயர், ஏத்தட்டோ?” என்று கேட்கிறது. வழுக்கை தெளிவாகத் தெரிகிறது. அதே நேரம் நடைபாதையில் தேங்காயோடு வாமதேவன் நிற்கிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார். அவர் கும்பிடுகிறாரா என்று அலுவலர் கேட்டார். இல்லை, சட்டம் மீறப்படுவதை அவரால் பார்க்க முடியாது என்றேன். இந்த இடத்தில் அலுவலர் முதன்முதலாகச் சிரித்தார். அப்படி எழுத முடியாது என்று சொல்லி, “அலுவலர் வீடியோவைப் பார்வையிட்டார்” என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அலுவலர் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, வாமதேவன் நாளை வரத்தான் வேண்டும், ஆனால் இனி ஓட்டியவராக அல்ல, சாட்சியாக என்று சொன்னார். பொலிசுக்குப் பொய் சொன்னதற்கு ஒரு கண்டிப்பு இருக்கும், புள்ளிகளில் கை வைக்க மாட்டார்கள். என் விஷயம் வழக்குத் தொடுநருக்குப் போகும். ஆறு புள்ளியும், அதோடு வருகிறதும் எனக்கு வரும். சரி என்றேன். தகடு சான்றுப் பொருளாக இங்கேயே இருக்கும் என்றார். அது நான் கொடுத்த பரிசு, வழக்கு முடிய உரியவரிடம் சேர்க்கலாமா என்று கேட்டேன். மனு எழுதிக் கேட்கலாம், கிடைத்தால் சுவரில் மட்டும் மாட்ட வேண்டும் என்றார்.

கடைசியாக, சேர்த்துச் சொல்ல ஏதும் உண்டா என்று அலுவலர் வழமைப்படி கேட்டார். ஒன்று உண்டு என்றேன்.

அலுவலருடைய முதுகுக்குப் பின்னால் உள்ள ஜன்னலைத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். கீழே தெருவில் சாம்பல் நிறக் கிளியோ ஒன்று, உண்மையான தகட்டோடு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் வாமதேவன். இன்று காலை லா கூர்னெவ் வந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். வெள்ளிக்கிழமை காரை வீட்டுக்கு எடுத்துப்போனது நிரோஜினி, ஆகவே பத்திரம் எடுத்த பிறகு அவருக்கு இதுதான் முதலாவது ஓட்டம், மற்றவர்கள் இருபது நிமிடத்தில் வருகிற தூரத்துக்கு ஒரு மணியும் பத்து நிமிடமும் எடுத்தது. நிறுத்த இடம் கிடைக்கவில்லை. சாமான் இறக்குகிற இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம் என்று தொழில்காரன் நான் சொல்லியும் கேட்காமல், ஒன்றே முக்கால் மணித்தியாலமாக இந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். நான் எண்ணிய வரைக்கும் பதினான்கு தரம். ஒவ்வொரு திருப்பத்திலும் சைகை விளக்குப் போடுகிறார். இரண்டு கையும் ஸ்ரேரிங்கில். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள், அவர் அவர்களுக்குக் கை காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே வேகத்தில் போகிறார்.

நான் இங்கே எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. நாளைக்கு அவருக்கு உதவியாக, அவர் நல்ல மனிதர் என்று எழுதிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அலுவலர் எழுதினார்.

இதில் எழுதப்பட்ட ஆறு பக்கங்களையும் திருமதி ஜிஸ்லேன் அவருடைய தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார், என்னுடைய தமிழில் நான் விளங்கிக்கொண்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ச. அம்புறோஸ்